வசுமதின்

நொதிகளுக்குக் கூடமாட நின்று வேலை முடித்துக்கொடுக்கும் அந்தக் கந்தகச் சேர்மத்தைச் சாக்கடைக் கிருமிகளிலிருந்து பிரித்தெடுக்க ஜெசிந்தாவுக்கு ஒன்பது வருடம் பிடித்தது. அதற்குள் கூமுட்டை நாற்றம் அவள் முடியிலும் தோலிலும் ஊறிவிட்டது. பேருந்தில் பக்கத்து இருக்கை காலியாகவே வரும். அவள் மூக்குக்கு மட்டும் அது எப்போதோ மரத்துப்போயிருந்தது. கண்டுபிடித்தவர்தான் பெயர் வைப்பது வழக்கம். அவளுடைய ஆய்வு வழிகாட்டியான பேராசிரியரோ அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் தன் மனைவியின் பெயரை வைத்தார்: வசுமதின். பாராட்டு விழாவில் கேக் வெட்ட வந்த வசுமதி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"என்னங்க இது, இப்படி நாறுது?"

பேராசிரியர் திரும்பிப் பார்த்தார். "ஜெசிந்தா, கொஞ்சம் வெளிய நில்லும்மா. மேடம் கேக் வெட்டிக்கட்டும்."

வராந்தாவில் நின்று தன் உள்ளங்கையை முகர்ந்து பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. உள்ளே கைதட்டினார்கள். அவளும் தட்டினாள்.