ராஜாராமன் சொன்ன சரித்திரம்

"இந்தப் படியில உட்கார்ந்துதான் ராணி பல் தேய்ப்பாங்களாம்!" என்றார் ராஜாராமன்.

கோல்கொண்டா கோட்டையில் படியேறிக்கொண்டிருந்த எல்லோரும் நாலாவது முறையாக நின்றார்கள்.

பத்ரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காஞ்சன்பாக் ஆபீஸிலிருந்து ஒன்பது பேரை வேன் வைத்து அழைத்து வந்தவன் அவன்தான். பன்னிரண்டு மணிக்கு உச்சியில் குரூப் போட்டோ, ஒரு மணிக்கு பிரியாணி என்று திட்டம்.

ஸ்டோர்ஸ் ராஜாராமனோ இருபது படிக்கு ஒரு தரம் இரண்டு கையையும் விரித்து வழியை மறித்தார்.

"இது அரண்மனைச் சமையலறை."

"சார், பலகையில தானியக் கிடங்குன்னு போட்டிருக்கு!"

"தானியம் இல்லாம எப்படிப்பா சமைப்பாங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். பத்ரி மட்டும் வாட்சைப் பார்த்தான்.

அடுத்த திருப்பத்தில், சுல்தானின் யானைக்கு ஜலதோஷம் பிடித்த கதை. அது பத்து நிமிஷம்.

"நக்கோ சார், போதும்!" பத்மஜா கும்பிட்டாள். "யானை குணமாகறதுக்குள்ள பிரியாணி ஆறிடும்."

"ரிட்டயர் ஆகப் போறவர். ஆபீஸ்ல யாரும் கேக்கறதில்ல, இங்க பிடிச்சுக்கிட்டார்" என்று முணுமுணுத்தான் பத்ரி.

போன மாதம் வேலைக்குச் சேர்ந்த ரோஸ்லின் மட்டும், ஒவ்வொரு கதையையும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, கடைசி வரை கேட்டாள்.

ஒருவழியாக உச்சிக்கு வந்தபோது மணி பன்னிரண்டே முக்கால். ஜிலுஜிலுவென்று காற்று. கீழே ஹைதராபாத் முழுக்க விரிந்து கிடந்தது. எல்லோரும் போனைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

ஆள் எண்ணினால் இரண்டு பேர் குறைவு. திட்டுவதற்குத் தயாராகத் திரும்பி வந்த பத்ரி, மண்டபத் தூணுக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டான்.

ரோஸ்லினின் குரல் கேட்டது.

"ரொம்ப தேங்க்ஸ் சார். இவ்வளவு உயரம் ஏறுவேன்னு நானே நினைக்கல. ஆனா, எனக்கு ஹார்ட் ஆபரேஷன் ஆனதை ஆபீஸ்ல யார்கிட்டயும் சொல்லலையே. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாதும்மா" என்றார் ராஜாராமன். "முப்பதாவது படியிலயே உனக்கு மூச்சு வாங்குச்சு. 'கொஞ்சம் நில்லுங்க'ன்னு நீ வாயைத் திறந்து கேக்க மாட்டேன்னு மட்டும் தெரிஞ்சுது."