கழுவின சுவர்

"ஏனக்கா கழுவினியள்?"

மஹ்ரூப் நானா பஸ்ஸால் இறங்கி ஓடி வந்தபோது அவருடைய தையல்கடைச் சுவரில் ஈரம்தான் மிச்சம். பக்கத்துத் தேத்தண்ணிக் கடை நல்லம்மா ஒரு கையில் வாளியும் மற்றக் கையில் தும்புக்கட்டையுமாக நின்றாள். கரித்தண்ணி வாய்க்காலுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"ஊத்தையாக் கிடந்தது தம்பி. கழுவினன்."

"உங்களை ஆர் கழுவச் சொன்னது?"

அவள் குனிந்து வாளியில் மிச்சமிருந்த தண்ணியையும் சுவரில் ஊற்றினாள்.

விடிய ஆறு மணிக்கு ஓட்டோக்காரத் தம்பிராசாதான் யாழ்ப்பாணத்தில் வீட்டிலிருந்த அவருக்குப் போன் எடுத்துச் சொன்னவர். பண்டத்தரிப்புக் கடைச் சுவரில் கரியால் பெரிசாக எழுதிக் கிடக்குதாம். "புத்தளத்துக்கே திரும்பி ஓடு எண்டு துவங்குது நானா. மிச்சத்தை என்ரை வாயாலை சொல்லமாட்டன்" என்று போனை வைத்துவிட்டார்.

மஹ்ரூப்புக்குக் கோபம் வந்தது. ஆனால் உள்ளதைச் சொன்னால், அந்தக் கோபத்துக்குள் ஒரு சொட்டு நிம்மதியும் இருந்தது.

இதுக்கு முன்னமும் இரண்டு தரம் நடந்திருக்கிறது. ஒருக்கால் கூரையில் கல் விழுந்து ஓடு உடைந்தது. பொலிசில் "கல்லெறிந்தது" என்று எழுதினார்கள். எறியேக்கை கத்தின சொல்லை எழுதவில்லை. இன்னொருக்கால் பெயர்ப்பலகையைப் பிடுங்கி முறித்தார்கள். "பலகைச் சேதம்" என்று எழுதினார்கள். ஏன் முறித்தான், ஆரென்று பார்த்து முறித்தான் என்பதற்குச் சாட்சி இல்லையாம். சமாதானமாகப் போகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஒரு மனிசனை அவன்ரை சமயத்துக்காக விரட்டுகிறதும் மாங்காய்க்குக் கல்லெறிகிறதும் அந்தப் பொலிஸ் கொப்பியில் ஒன்றுதான்.

இந்தமுறை சொல்லே சுவரில் இருக்கிறது. ஆரும் மறைக்கேலாது. இதையும் பொலிசில் சின்னனாக்கி எழுதினால் தையல் மிசினைக் கழற்றிக் கட்டிக்கொண்டு புத்தளத்துக்கே போய்விடுவது என்று பஸ்ஸில் வரும்போதே முடிவு கட்டியிருந்தார். தொண்ணூறில் முஸ்லிம் சனத்தையெல்லாம் ஊரைவிட்டு விரட்டிப் புத்தளத்துக்குப் போகவைத்தபோது அவர் மீசை முளைக்காத பெடியன். தலை நரைத்துத் திரும்பி வந்து போட்ட கடை இது.

அவருக்கு இருந்த அந்த ஒரேயொரு சாட்சியைத்தான் நல்லம்மா உரஞ்சு உரஞ்சென்று உரஞ்சிக் கழுவிவிட்டு நிற்கிறாள்.

"ஆரைக் காப்பாத்திறியள் அக்கா?"

நல்லம்மா நிமிர்ந்து பார்த்தாள். ஏதோ சொல்ல வந்தாற்போல இருந்தது. பிறகு வாளியைத் தூக்கிக்கொண்டு தன் கடைக்குள் போய்விட்டாள்.

வேறு ஆரும் செய்திருந்தால் இவ்வளவு நொந்திராது. பத்து மணிக்குக் கேட்காமலே இஞ்சித் தேத்தண்ணி கொண்டுவந்து வைக்கிற மனிசி. நோன்பு நாளில் அவருக்கு மணக்கப்படாதென்று வடைச் சட்டியைப் பின்பக்கம் கொண்டுபோய்ச் சுடுகிறவள். அப்படிப்பட்டவளே இப்படியென்றால்?

தானாடாவிட்டாலும் தன் தசையாடும் என்று சும்மாவா சொன்னார்கள். என்னதான் தேத்தண்ணி தந்தாலும் கடைசியில் அவையள் அவையளோடைதான். பொலிசுக்குப் போகிற வழியெல்லாம் மஹ்ரூப்பின் மனம் இதையே சொல்லிக்கொண்டு போனது.

சார்ஜன் தில்லைநாதன் கதிரையைக் காட்டினார். மஹ்ரூப் இருக்கவில்லை.

"என்ரை முறைப்பாடு ரெண்டு ஐயா. ஒண்டு, சுவரிலை எழுதினவன்மேலை. மற்றது, அதைக் கழுவின தேத்தண்ணிக் கடை நல்லம்மாமேலை."

சார்ஜன் பேனையைத் தொடவில்லை. "முதலாவதை எழுதியாச்சு நானா" என்றார்.

"ஆர் வந்து சொன்னது?"

"நீங்கள் ரெண்டாவதாச் சொன்ன ஆள்தான்."

மஹ்ரூப் அப்போதுதான் கதிரையில் இருந்தார்.

விடிய ஐந்து மணிக்கே வந்துவிட்டாளாம். சார்ஜன்தான் கூடப்போய்ச் சுவரை நாலைந்து படம் எடுத்தவர். எடுத்து முடிய, கழுவட்டோ என்று கேட்டாளாம். மஹ்ரூப் வந்து இறங்க முதல் அது அழியவேணுமாம். அந்த மனிசன்ரை கண்ணிலை அது படப்படாதாம்.

சார்ஜன் கொஞ்சம் குரலைத் தணித்தார். "பொய் சொல்லமாட்டன் நானா. நானும் வழக்கம்போலை 'சுவரை ஊத்தையாக்கினது' எண்டுதான் எழுதினன். மனிசி கையெழுத்து வைக்கேல்லை. சுவரிலை கிடந்த சொல்லு முழுக்க எழுது, இன்ன சமயம் எண்டபடியால்தான் எழுதினவன் எண்டும் எழுது, இல்லாட்டி எழும்பமாட்டன் எண்டு உந்த வாங்கிலை இருந்திட்டுது."

அப்படி எழுதினால் வழக்குப் பெரிசாகும், பிணை லேசில் கிடையாது, ஆள் மாதக்கணக்கில் உள்ளே கிடக்கவேண்டி வரும் என்றும் சார்ஜன் எடுத்துச் சொல்லிப் பார்த்தாராம். தெரியும் ஐயா, எழுதுங்கோ என்றாளாம்.

கொப்பியை மஹ்ரூப்பின் பக்கம் திருப்பி வைத்தார். முழுப்பக்கம். ஒரு சொல் குறையவில்லை. அடியில் கோணல்மாணலாக நல்லம்மாவின் கையெழுத்து.

மஹ்ரூப் அந்தக் கையெழுத்தின்மேல் விரலை வைத்தார்.

"என்னட்டை ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே ஐயா. நான் வாயிலை வந்தபடி கேட்டுப்போட்டு வாறன்."

"உங்கடை முகத்தைப் பாத்துச் சொல்லத் தன்னாலை ஏலாதாம். நீங்கள் வந்தால் என்னைச் சொல்லச் சொன்னவ."

"அப்ப, எழுதினவனைப் பிடிச்சிட்டியளோ?"

"பிடிக்கிற வேலை அவ எங்களுக்கு வைக்கேல்லை" என்று சார்ஜன் உள்ளறைப் பக்கம் தலையைக் காட்டினார். "விடிய வரேக்கையே, கையிலை கரியோடை நிண்டவனைச் சேட்டிலை பிடிச்சு இழுத்துக்கொண்டுதான் வந்தவ. அவன்தான் நானா, அவவின்ரை ஒரே மகன்."