வெள்ளையம்மாவின் பிராது

"தொரை கேக்கறாரு. ஒனக்கு என்னம்மா கொறை?" என்று இங்கிலீஷைத் தமிழாக்கிக் கேட்டார், தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி வாலண்டைன்.

வெள்ளையம்மா இதற்குத்தான் காத்துக் கிடந்தாள். கேட்பவர் இந்த ரெங்கம் தோட்டத்துத் துரை இல்லை. தோட்டங்களில் நடக்கும் கொடுமைகளை விசாரிக்க, உலக நாடுகளெல்லாம் கூடிப் பேசி அனுப்பிய துரை!

"சாமி, வேற தோட்டத்துக்குப் போறேன்னு சொன்ன குத்தத்துக்கு எம் புருசன் வீரமுத்துவ முதுகுத் தோலு உரிய அடிச்சு, ரப்பர் ஸ்டோர்ல போட்டுப் பூட்டிட்டாங்க. தொறந்துவிடச் சொல்லுங்க!"

பக்கத்தில் நின்ற தோட்டத் துரை கிராணியை முறைத்தார்.

கிராணி இங்கிலீஷில் ஒரே ஒரு வரி சொன்னார்.

இவ்வளவு பெரிய பிராதுக்கு ஒரு வரியா? பாவி மனுசன், முழுங்கிட்டானே!

மறுகணம் விசாரணைத் துரை நாற்காலியைத் தள்ளிக்கொண்டு துள்ளி எழுந்தார். கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு தோட்டத் துரையிடம் எகிறினார். அவரோ வாயைத் திறந்தார், மூடினார், திருதிருவென்று விழித்தார். கடைசியில் ஆமாம் என்று தலையாட்டினார்.

ஸ்டோர் கதவு திறந்தது. லாரி வந்தது. வீரமுத்துவை ஜொகூர் பாரு ஆஸ்பத்திரிக்கு ஏற்றினார்கள். பெண்டாட்டியும் கூடவே போக வேண்டுமாம்.

"அலமாக்! அடிச்சதுக்கே தொரைக்கு இம்புட்டுக் கோவமா! மவராசன்!"

அவள் கும்பிட்டபடி கிட்டப் போக, மவராசன் பின்வாங்கி ஓடினார்.

கிராணி லாரிப் பக்கம் வந்து குரலைத் தாழ்த்தினார். "டாக்டர்கிட்ட அவன் முதுகைக் காட்டு. அப்புறம் ரெண்டு பேரும் இந்தத் தோட்டத்துப் பக்கமே தலைவெச்சுப் படுக்காதீங்க."

"நீங்க என்னதான் சொன்னீங்க?"

"ஒம் புருசனுக்குப் பெரியம்மை, ஸ்டோர்ல பூட்டி வெச்சிருக்குன்னு சொன்னேன்."

"அய்யோ, ஆத்தா பேரச் சொல்லியா பொய்!" கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"நானும் மாதாகிட்ட மன்னிப்புக் கேட்டுக்கறேன், விடு."

"நம்ம தொரை எப்படி ஆமான்னாரு?"

"இல்லைன்னா, பின்ன ஏன் பூட்டினேன்னு கேப்பாருல்ல?"

"நெசத்தையே சொல்லியிருக்கலாமே, கிராணியாரே!"

"காலையிலேர்ந்து அடிபட்டவங்க கதையெல்லாம் நெசமாத்தான் சொன்னேன். 'ரொம்ப வருத்தம்'னுட்டு டீ குடிச்சாரு."

"அப்ப அம்மைக்கு மட்டும் ஏன் அப்படிப் பதறினாரு?"

"வீரமுத்து படுத்திருந்த ரப்பரு அவரு ஊருக்குல்ல கப்பலேறுது!"