ஒரு நாள் சிறுநீர்

காலை ஆறு மணிக்குக் கேனை மூடிவிட வேண்டும். சன்னாசி மூட்டை தூக்கி இறுகிய உடம்புக்காரன். அப்படிப்பட்டவர்களுக்கு ரத்தத்தை வைத்துப் போடும் கணக்கு சிறுநீரகத்தின் வேலையைக் குறைத்துக் காட்டலாம், ஒரு நாள் முழுவதும் போகும் சிறுநீரைச் சேர்த்து வந்தால் டயாலிசிஸ் வேண்டுமா என்று முடிவு செய்யலாம் என்றிருந்தார் டாக்டர். விடிந்தபோது கேனில் கால்வாசிகூட இல்லை. நிறைந்தால் அவனை மிஷினில் போட மாட்டார்கள் என்று அவன் மனைவி பேச்சியம்மாள் நினைத்தாள். கேனைக் குளியலறைக்கு எடுத்துப்போய்த் தன்னுடையதையும் கலந்து மூடினாள்.

மறுநாள் டாக்டர் இரண்டு முடிவுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தார்.

"ரத்தக் கணக்குதான் தப்பா காட்டியிருக்கு. டயாலிசிஸ் இப்ப வேண்டாம். மூணு மாசம் கழிச்சு வாங்க."

பேச்சியம்மாள் வாயைத் திறந்தாள். அதற்குள் அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்கள். சன்னாசி வீங்கிய கால்களைச் செருப்புக்குள் திணித்துக்கொண்டு அவளுக்கு முன்னால் நடந்தான். வாசலில் இளநீர் வண்டியைக் கண்டதும் நின்று திரும்பினான்.

"ஏன்டி, வாயில என்ன கொழுக்கட்டையா? இத்தன நாளா கிட்னி கெட்டவங்களுக்கு ஆகாது, விஷம்னு டாக்டர் சொன்னாருன்னு தடுத்தியே. இனிமே ஒரு எளநி குடிக்கலாம்ல?"