டக் டக்

ஹவானாவிலிருந்து பிழைக்க வந்த அண்ணன் தம்பிக்கு அது முதல் ஒலிப்பதிவு. அண்ணன் ரெய்னால்டோ பாடுவான். தம்பி எலீசியோவின் கையில் இரண்டு மரக்கட்டைகள். மூன்று தட்டு, ஒரு மூச்சு, இரண்டு தட்டு. அவர்கள் ஊர்ப் பாட்டெல்லாம் அதன்மேல்தான் நிற்கும்.

தயாரிப்பாளர் பாதியில் நிறுத்தினார். "அந்த டக் டக் வேண்டாம். ரெக்கார்டுல கீறல்னு கடைக்காரன் திருப்பி அனுப்பிடுவான்."

கீறலாம், கீறல்! எலீசியோவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அண்ணா, நீயாவது சொல்லேன்!"

அண்ணன் மைக்கைப் பார்த்தபடியே சொன்னான். "இந்த ஒரு பாட்டுக்குத்தானேடா. கொஞ்சம் வெளியே இரு."

எலீசியோ வெளியே வந்து கதவை அறைந்து சாத்தத்தான் நினைத்தான். பஞ்சு வைத்துத் தைத்த கதவு. கோபத்தைக்கூட சத்தமில்லாமல் விழுங்கிக்கொண்டது.

கதவிலிருந்த சின்னக் கண்ணாடி வழியே பார்த்தான். இரண்டாவது வரியிலேயே தயாரிப்பாளர் கையைத் தூக்கினார். அண்ணனின் காலைக் காட்டி ஏதோ சொன்னார். அண்ணன் திருதிருவென்று விழித்தான். பிறகு குனிந்து, இந்த நாளுக்கென்றே பாலிஷ் போட்டு வந்த ஷூக்களைக் கழற்றி ஓரமாக வைத்தான். ஓட்டை விழுந்த காலுறையோடு நின்று மறுபடி பாடத் தொடங்கினான்.

குதிகால் தானாக எழும்பித் தரையில் விழுந்தது. மூன்று தட்டு, ஒரு மூச்சு, இரண்டு தட்டு.

தயாரிப்பாளரின் கை மறுபடி உயர்ந்தது.

எலீசியோ கட்டைகளை இறுக்கிப் பிடித்தான்.

இன்னும் எதைடா கழற்றச் சொல்லப்போறே?