யாரையும் கேட்காத பெட்டி

ஏணியின் மேல்படியில் நின்று, சீலிங்கில் பொருத்தியிருந்த வைபை பெட்டியை யோகராணி ஒரே திருகாகத் திருகிக் கழற்றினார்.

கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்ற ஜெனோஜாவின் முகம் வெளிறிப்போயிருந்தது.

“அன்ரி, இப்பவே அவருக்குத் தெரிஞ்சிருக்கும்.”

“தெரியட்டும்.”

வெஸ்ட்மீட்டில் இருந்த அந்த வீட்டில் இப்போது ஜெனோஜா மட்டும்தான். கணவன் இளங்கீரன் போன குளிர்காலத்தில் பிரிந்து, பிளாக்டவுனில் ஒரு பிளாட்டுக்குப் போய்விட்டான். உடுப்பு, டிவி, குசினியில் இருந்த நல்ல சட்டிகள் என்று எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போனவன், இந்தப் பெட்டியை மட்டும் விட்டுப் போனான்.

மறந்து விட்டுப் போகவில்லை.

அந்த வகைப் பெட்டி தானாக எதையும் செய்யாது. வெளியே இருக்கும் ஓர் இணையக் கணக்கைக் கேட்டுக் கேட்டுத்தான் இயங்கும். அந்தக் கணக்கு இளங்கீரனின் போனில் இருந்தது. வீட்டுக்குள் யாருடைய போன் வருகிறது, எப்போது வெளியே போகிறது, ஜெனோஜா எத்தனை மணி வரை விழித்திருக்கிறாள், எல்லாம் அவனுக்குத் தெரிந்தது.

ஜெனோஜா தாதியர் படிப்பின் ஆன்லைன் வகுப்புக்கு உட்கார்ந்தால் பாதியில் அவன் அங்கிருந்தே நெட்டை நிறுத்துவான். மெல்பேர்னில் இருந்து அவளுடைய அக்கா வந்து தங்கியபோது, பயணப் பையை இறக்கி வைக்க முன்னமே அவனிடமிருந்து செய்தி வந்தது: வீட்டில ஆரின்ர போன் அது?

இவ்வளவையும் ஜெனோஜா இன்று காலைதான் சொன்னாள். அதுவும், தேத்தண்ணியை நீட்டிக்கொண்டு, தன்னுடைய பிழையைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

யோகராணி அந்தத் தேத்தண்ணியைக் குடிக்கவில்லை. காருக்குப் போய் மடிக்கணினியும் வயரும் எடுத்து வந்தார். பெரிய கட்டடங்களுக்கு வைபை போட்டுக் கொடுப்பதுதான் அவருடைய உத்தியோகம். இதே வகைப் பெட்டிகளை எத்தனையோ சீலிங்குகளில் பூட்டியிருக்கிறார்.

கதவைச் சாத்திக்கொண்டு வெளியேறியவன், உள்ளே இருப்பவளின் மூச்சைக் கூட எண்ணிக்கொண்டிருக்கிறான்! வெட்கம் கெட்டவன்!

“இதைத் தூக்கி எறிஞ்சுபோட்டு வேற ஒண்டு வாங்குவம் அன்ரி.”

“ஏன் எறியவேணும்? உம்மட வீட்டில இருக்கிறது உமக்கு வேலை செய்யட்டும்.”

பெட்டியைத் தயாரித்தவர்களே அதற்கு இன்னொரு மென்பொருளும் வைத்திருந்தார்கள். அதைப் போட்டால் பெட்டி தனித்து இயங்கும். எந்தக் கணக்கையும் கேட்காது. யோகராணி அதைத் தன் போனின் நெட்டில் இறக்கி மடிக்கணினியில் வைத்தார். பெட்டியை மேசையில் கவிழ்த்து, வயரைக் கொழுவி, பின்பக்கத்துச் சின்னப் பொத்தானை ஒரு கொண்டை ஊசியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு மின்சாரம் கொடுத்தார்.

விளக்கு சிவப்பாக எரிந்தது. பழையது அழிந்து புதியது ஏறத் தொடங்கியது. திரையில் புள்ளிகள் ஒவ்வொன்றாக நீண்டன.

ஜெனோஜாவின் போன் அதிர்ந்தது.

என்ன செய்யிறாய் அங்க?

பிறகும் அதிர்ந்தது.

பெட்டியில கை வைக்காதை.

ஜெனோஜா இரண்டு செய்தியையும் வாய்விட்டு வாசித்தாள். அவளுடைய கை மேசைக்கு மேலால் நீண்டு, வயரைப் பிடித்தது.

“காணும் அன்ரி. திருப்பி மேல பூட்டிவிடுவம்.”

யோகராணி அவளுடைய மணிக்கட்டை எட்டிப் பிடித்தார்.

“கையை எடும் பிள்ளை. இப்ப இழுத்தா பெட்டி செத்துப்போம்.”

ஜெனோஜா தன் கையையே பார்த்தாள். யாருடையதோ ஒரு கையைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். அவன் இந்த அறையில் இல்லை. இந்த வீட்டிலேயே இல்லை. போனில் ஒரு வரிதான் எழுதினான். அதற்கே இவளுடைய கை இவளைக் கேளாமல் எழும்பிப் போய்விட்டது.

யோகராணிக்குக் கோபம் வந்தது. கத்தவேண்டும் போல இருந்தது. கத்துவதற்கு அங்கே ஜெனோஜாவைத் தவிர ஒருவரும் இல்லை. மணிக்கட்டை விடாமல் பிடித்துக்கொண்டு புள்ளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

புள்ளிகள் நின்றன. பெட்டி ஒருமுறை அணைந்து, பச்சையாக எரிந்தது.

திரையில் புதிய பக்கம் திறந்தது. பெயர் இல்லை, கடவுச்சொல் இல்லை. எல்லாக் கட்டங்களும் வெறுமையாக இருந்தன.

இப்போது யோகராணியின் போன் அடித்தது. யார் என்று பார்த்தார். அடித்து ஓயும் வரை அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மடிக்கணினியை ஜெனோஜாவின் பக்கம் தள்ளினார்.

“பெயரும் கடவுச்சொல்லும் போடும்.”

“எனக்கு ஒண்டும் வருகுதில்லை. நீங்களே ஒண்டு சொல்லுங்கோ அன்ரி.”

“நான் சொல்ல மாட்டன். நீர் போடுறதையும் எனக்குக் காட்டவேண்டாம்.”

யோகராணி கதிரையை விட்டு எழுந்து ஜன்னலடிக்குப் போய், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

“நாளைக்கு அவன் என்ர வீட்டுக்கு வந்து, சாப்பிடாமல் கிடந்து அழுதானெண்டா, நான் கடவுச்சொல்லைச் சொல்லிப்போடுவன் பிள்ளை. நான் அவனைப் பெத்த தாய் எல்லோ.”

வெளியே ரயில் ஒன்று போனது.

பிறகு, பின்னால் விசைகளைத் தட்டும் சத்தம் கேட்கத் தொடங்கியது. முதலில் ஒவ்வொன்றாக. பிறகு வேகமாக.

நீளமான சொல்லாகத்தான் இருந்தது. யோகராணி திரும்பிப் பார்க்கவில்லை.