குப்பை போகிற ஊர்

கை தூக்கச் சொல்லிவிட்டார்கள்.

அவள் கை மேசைக்கு அடியில், மடியில் கிடந்தது.

பேரூராட்சி மன்றத்தில் பாதிப்பேர் தூக்கியிருந்தார்கள். பாதிப்பேர் தூக்கவில்லை. தலைவர் எல்லோரையும் விட்டுவிட்டு அவளைப் பார்த்தார்.

"என்னம்மா, உங்க வார்டு கேட்டதுதான? உங்க கைதான் பாக்கி."

ஆமாம். அவள் வார்டு கேட்டதுதான்.

ஊர்க் குப்பை முழுவதும் அவள் தெருவுக்குப் பின்னால்தான் கொட்டப்பட்டு வந்தது. வெயில் ஏறினால் அது தானாகவே பற்றிக்கொள்ளும். வண்டி வந்து தண்ணீர் அடித்துவிட்டுப் போகும். மேலே அணையும். அடியில் புகைந்துகொண்டே இருக்கும்.

அந்தப் புகையில்தான் அவள் மகள் தர்ஷினிக்கு இழுப்பு வந்தது. இரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த பிள்ளை. ஒரு சித்திரையில் குப்பைமேடு எரிந்தது. தர்ஷினி ஆஸ்பத்திரி வரைகூடப் போகவில்லை. ஆட்டோவிலேயே அடங்கிப்போனாள்.

காரியம் முடிந்த கையோடு தெரு மொத்தமும் அவள் வாசலில் வந்து நின்றது. நீதான் எலெக்‌ஷனில் நிற்க வேண்டும் என்றார்கள்.

தீப்பெட்டி ஆபீஸ் வேலையையும் வீட்டையும் தவிர வேறு எதுவும் தெரியாதவள் நின்றாள். ஜெயித்தாள்.

ஒவ்வொரு கூட்டத்திலும் எழுந்து ஒன்றையே சொன்னாள்.

குப்பையை எங்கள் பக்கமிருந்து எடுங்கள்.

எடுக்கிறோம் என்று கடைசியில் சொன்னார்கள். எடுத்து எங்கே போடுவது என்று யாரும் அவளைக் கேட்கவில்லை. அவளும் யோசிக்கவில்லை.

பேரூராட்சி எல்லை முடிகிற இடத்தில், கல்லோடைப்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு புறம்போக்கு நிலம் அகப்பட்டது. போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்லி மன்றம் மூன்று உறுப்பினர்களை அனுப்பியது. அவளும் ஒருத்தி.

வெட்டவெளி. ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. காற்று சேலையை இழுத்தது.

காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தாள்.

போகிற பக்கத்தில் வீடுகள் இருந்தன.

கூட வந்த இருவரும் ஜீப் நிழலில் நின்று போன் பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் மட்டும் வீடுகளை நோக்கி நடந்தாள். முதல் வீட்டில் ஒருத்தி இடுப்பில் பிள்ளையோடு வெளியே வந்தாள். பேச்சித்தாய் என்று பெயர் சொன்னாள். கேட்காமலே செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"ரோடு போடப் போறீகளாக்கா?"

அவள் தண்ணீரைக் குடித்தாள். செம்பு காலியான பிறகும் வாயிலிருந்து எடுக்கவில்லை.

அந்த வாரமே தலைவர் வீட்டுக்குப் போனாள். வேறு இடம் பார்க்கக்கூடாதா என்று கேட்டாள். தலைவர் நல்ல மனிதர்தான். பார்க்காத இடமில்லை என்றார். இது இல்லையென்றால் பழைய இடமே தொடரும் என்றார்.

பக்கத்து வீட்டுச் சின்னவனுக்கு இப்போதுதான் இழுப்பு ஆரம்பித்திருக்கிறது. மூச்சை இழுத்து விடும்போது அந்தச் சத்தம் சுவரைத் தாண்டி அவளுக்குக் கேட்கும்.

இப்போது மன்றத்தின் ஜன்னலுக்கு வெளியே கல்லோடைப்பட்டிக்காரர்கள் நின்றார்கள். கடைசியில் பேச்சித்தாய். தோளில் பிள்ளை.

அவள் ஜன்னலைப் பார்க்காமல் கையைத் தூக்கினாள்.

தீர்மானம் நிறைவேறியது என்றார் தலைவர். யாரோ மேசையைத் தட்டினார்கள். அடுத்து தெருவிளக்கு என்று வாசிக்கத் தொடங்கினார்கள்.

கூட்டம் முடிந்து வெளியே வந்தாள்.

வாசலில் கல்லோடைப்பட்டி ஆம்பளைகள் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். போலீஸ்காரர் அவர்களை ஓரமாகத் தள்ளிக்கொண்டிருந்தார். எதிர்ப்பக்கம் அவள் தெருக்காரர்கள் மாலையோடு நின்றார்கள்.

இரண்டுக்கும் நடுவே பேச்சித்தாய் வந்தாள்.

மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்தாள். தூற்றட்டும் என்றுதான் இருந்தது. நகராமல் நின்றாள்.

பேச்சித்தாய் மெதுவாகத்தான் பேசினாள்.

"ஒங்க பிள்ளையப் பத்தி இப்பத்தான் சொன்னாக."

அவள் தலையை அசைத்தாள்.

"யக்கா, பொகை வந்தா இவள எப்படிப் போட்டுத் தூங்கவைக்கணும்?"

கேட்டுவிட்டு அவள் முகத்தையே பார்த்தாள். குத்திக் காட்டவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

மாலையோடு நின்றவர்கள் அவளைக் கூப்பிட்டார்கள்.

அவள் அலுவலகப் படியில் உட்கார்ந்தாள். கையை நீட்டிப் பிள்ளையை வாங்கினாள். படுக்கப்போடக் கூடாது என்றாள். நிமிர்த்தி நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக் காட்டினாள். ஜன்னலில் ஈரத்துணி கட்ட வேண்டும், துணி காயக் காய நனைக்க வேண்டும் என்றாள். உதடு நீலம் பூத்தால் மருந்து, கஷாயம் என்று நேரத்தைக் கடத்தாமல் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும் என்றாள். எந்த ஆஸ்பத்திரிக்கு என்று சொன்னாள். எந்த வழி சுருக்கு என்று சொன்னாள்.

பேச்சித்தாய் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள்.

பிள்ளை விழித்துப் பார்த்தது. புது முகம். அழவில்லை. கழுத்தில் முகத்தை வைத்து மறுபடி தூங்கிப்போனது.

அதன் மூச்சு சுத்தமாக வந்து போய்க்கொண்டிருந்தது. ஒரு சத்தமும் இல்லை.

பேச்சித்தாய் பிள்ளைக்காகக் கையை நீட்டினாள்.

"இரு தாயி" என்றாள் அவள். "இன்னும் சொல்லி முடிக்கல."